பேட்டர்சீ நகரத் தந்தை ஜான் ஆர்ச்சர்

முன்னுரை

நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், மலருக்கு ஒரு பெரியாரின் வரலாற்றை எழுதித் தருமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்தனர். அண்ணல் அம்பேத்கரின் வாழ்வும், அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசன், எம். சி. ராஜா ஆகியோரின் தொண்டும் நம் இளைஞர்கள் சிறு பருவம் முதலே கேட்டு வளர்ந்தவை. ஆதலின், கடல் கடந்த நாட்டில், பிறப்பின் பெயரால் இழிவு சுமத்தப்பட்ட ஓர் இனத்தில் தோன்றி, பெருநகரின் ஒரு சிறு வட்டத்தில் தேர்தலுக்கு நின்று வென்று, அப்பகுதியின் முதற்குடிமகனாகவே உயர்ந்த ஒருவரின் வரலாற்றை இங்கே எழுதத் துணிந்தோம். அவர் பெயர் ஜான் ரிச்சர்ட் ஆர்ச்சர்.

நம் இளைஞர்களிடையே ஓர் எண்ணம் நிலவுகிறது. சட்டமன்றமும் நாடாளுமன்றமுமே அரசியல். வட்டத்து உறுப்பினர் பதவி அற்பமானது. குழாயடிச் சண்டையும் சாக்கடை அடைப்பும் பார்ப்பதற்கு நாமா என்பது அவ்வெண்ணம். ஆனால் குடிநீர்க் குழாய் கடைசியாக வந்து சேருவது யாருடைய தெருவுக்கு? விளக்கு எரியாத கம்பம் யாருடைய குடியிருப்பில் நிற்கிறது? நகரின் கழிவை அள்ளுவோர் யாருடைய உறவினர்? இவ்வினாக்களுக்கு விடை தெரிந்தவர்கள் வட்டத் தேர்தலை அற்பமென்று கருதார். ஆர்ச்சர் கருதவில்லை. அவர் வரலாறு முழுவதும் அதற்குச் சான்று.

பிறப்பும் இளமையும்

ஆர்ச்சர் 1863ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 8ஆம் நாள் இங்கிலாந்தின் துறைமுக நகராகிய லிவர்பூலில் பிறந்தார். தந்தையார் ரிச்சர்ட் ஆர்ச்சர், மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான பார்படோசைச் சேர்ந்த கறுப்பினத்தவர்; கப்பலில் பயணிகளுக்கு உணவும் வசதியும் கவனிக்கும் பணியாளர். தாயார் மேரி தெரசா பர்ன்ஸ், அயர்லாந்து நாட்டு வெள்ளையர், கத்தோலிக்க சமயத்தினர்.

லிவர்பூல் நகரின் செல்வம் எவ்வாறு வந்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது. 1807ஆம் ஆண்டில் அடிமை வாணிகத்தைப் பிரிட்டிஷ் அரசு தடை செய்யும்வரை, ஆப்பிரிக்க மக்களைக் கப்பலில் ஏற்றி மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு விற்கும் தொழிலில் அத்துறைமுகம் முன்னணியில் நின்றது. வாணிகம் நின்ற பின்னும் அடிமை முறை நீடித்தது. அதனை ஒழிக்கும் சட்டம் 1833இல் இயற்றப்பட்டது. அச்சட்டம் வந்து முப்பது ஆண்டுகளே கழிந்திருந்த நிலையில், பார்படோஸ் தீவினர் ஒருவரின் மகன் அதே லிவர்பூலில் பிறந்தார். தந்தை வழியில் நிறத்தால் இழிவு. தாய் வழியிலும் பெருமையில்லை, ஏனெனில் அயர்லாந்து மக்களையும் அந்நாளைய ஆங்கிலேயர் தமக்குச் சமமாக மதித்தாரில்லை.

இளைஞரான ஆர்ச்சர் கப்பல் தொழிலாளியாகிப் பல நாடுகளைச் சுற்றினார். அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் கனடாவிலும் சில காலம் வாழ்ந்தார். உலகின் பல மூலைகளிலும் கறுப்பின மக்கள் படும் பாட்டை நூல்களின் வாயிலாக அன்றிக் கண்ணாலேயே கண்டார். கனடாவைச் சேர்ந்த பெர்த்தா என்னும் கறுப்பினப் பெண்மணி அவருடைய வாழ்க்கைத் துணைவியானார். 1890களில் இருவரும் இலண்டன் மாநகரின் தென்பகுதியில், தேம்ஸ் ஆற்றங்கரையில் அமைந்த பேட்டர்சீயில் குடியேறினர். சிறிது காலம் மருத்துவம் பயின்ற ஆர்ச்சர், பின்னர் அதனை விடுத்து, பேட்டர்சீ பூங்காச் சாலையில் ஒரு புகைப்பட நிலையம் நடத்தலானார்.

தொழிலாளர் வாழ்ந்த ஊர்

பேட்டர்சீ அந்நாளில் எத்தகைய ஊர் என்பதை அறிந்தால்தான் ஆர்ச்சரின் வெற்றி விளங்கும். 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே ஏறத்தாழ 1,70,000 மக்கள் வாழ்ந்தனர். இரயில்வே பணிமனைகள், எரிவாயு ஆலை, பிற தொழிற்சாலைகள் ஆகியவற்றில் உழைத்துப் பிழைத்தோர் அங்கே மிகுதி. தொழிற்சங்கத் தலைவரான ஜான் பர்ன்ஸ் 1892 முதல் பேட்டர்சீயின் நாடாளுமன்ற உறுப்பினராக விளங்கினார்.

1899ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இலண்டன் ஆட்சிச் சட்டம், மாநகரின் உட்பகுதியை 28 நகரப் பிரிவுகளாக வகுத்து, ஒவ்வொன்றிற்கும் தனித்தனி மன்றம் அமைத்தது. அவற்றுள் பேட்டர்சீயும் ஒன்று. அது ஒன்பது வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. மூன்றாண்டுகளுக்கு ஒரு முறை நவம்பர் திங்களில் வட்டங்களில் தேர்தல். வென்ற உறுப்பினர்கள் கூடி ஆல்டர்மன்கள் என்னும் மூத்த உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பர். மன்றத்தார் அனைவரும் ஆண்டுதோறும் கூடி மேயரைத் தேர்ந்தெடுப்பர். உறுப்பினர்களுக்கு ஊதியம் கிடையாது. வயது வந்த அனைவர்க்கும் வாக்குரிமையும் கிடையாது; குடியிருக்கும் இடத்தையும் அதற்குரிய வரியையும் ஒட்டி அமைந்த பட்டியலில் பெயர் உள்ளவர்களே வாக்களித்தனர். வரி செலுத்தும் பெண்கள் சிலர்க்கும் உள்ளாட்சியில் மட்டும் அவ்வுரிமை இருந்தது.

பேட்டர்சீ மன்றம் தொடக்கத்திலேயே துணிவான செயல்களில் இறங்கியது. ஒப்பந்தக்காரர்களை விலக்கி, மன்றமே நேரடியாகத் தொழிலாளர்களை அமர்த்திக் கட்டட வேலைகளைச் செய்தது. இவ்வாறு கட்டப்பட்டு 1903ஆம் ஆண்டில் திறக்கப்பட்டதே லாட்ச்மியர் குடியிருப்பு. உழைக்கும் குடும்பங்களுக்கென எழுந்த அக்குடியிருப்பின் தெருக்களுள் ஒன்றுக்குச் சீர்திருத்தத் தெரு என்றும், மற்றொன்றுக்கு விடுதலைத் தெரு என்றும் பெயர் சூட்டினர். இக்குடியிருப்பின் பெயரையே கொண்ட லாட்ச்மியர் வட்டந்தான் ஆர்ச்சரின் அரசியல் தொட்டிலாயிற்று.

வட்டத் தேர்தல்

1900ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், டிரினிடாட் தீவைச் சேர்ந்த ஹென்றி சில்வெஸ்டர் வில்லியம்ஸ் என்னும் வழக்கறிஞரின் முயற்சியால், இலண்டனில் முதலாவது அனைத்து ஆப்பிரிக்க மாநாடு கூடியது. அதன் வழி அமைந்த சங்கத்தின் செயற்குழுவில் ஆர்ச்சரும் இடம் பெற்றார். தம் இனத்தின் விடுதலையும் தாம் வாழும் தெருவின் நன்மையும் வேறு வேறல்ல என்னும் கருத்து அவருள் வேரூன்றியது.

1906ஆம் ஆண்டு நவம்பர்த் தேர்தலில் ஆர்ச்சர் லாட்ச்மியர் வட்டத்தில், முற்போக்கு அணியின் வேட்பாளராக நின்றார். லிபரல் கட்சியினரும் தொழிலாளர் தலைவர்களும் கைகோத்து அமைத்த அணி அது. எதிரணியினர், மன்றம் ஏழைகளுக்காகச் செலவிடுவதால் வரிச்சுமை ஏறுகிறது என்று முழங்கினர். ஆர்ச்சர் வென்றார். அதே தேர்தலில் மேரில்போன் பகுதியில் வில்லியம்சும் வென்றார். பேரரசின் தலைநகரில் கறுப்பினத்தவர் இருவர் ஒரே நாளில் நகர மன்றங்களுக்குச் சென்றது அந்நாளில் வியப்புக்குரிய செய்தி.

இளைஞர்கள் இங்கே ஒன்றை ஆழ்ந்து நோக்க வேண்டும். லாட்ச்மியர் வட்டத்தில் கறுப்பினத்தவர்க்கென்று ஒதுக்கீடு ஏதும் இல்லை. கறுப்பின வாக்காளர்கள் அங்கே மிகச் சிலரே. ஆர்ச்சருக்கு வாக்களித்தோர் ஏறக்குறைய அனைவரும் வெள்ளையர், உழைக்கும் வெள்ளையர். அவர்கள் அனைவரும் நிற வேற்றுமை பாராத ஞானிகள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும் தம் வீட்டு வாடகையையும் கூலியையும் குழந்தைகளின் நலனையும் தம்மைப் போலவே கவலையோடு நினைக்கும் மனிதர் இவர் என்று அவர்கள் நம்பினர். அவருடைய கடை அவர்கள் நடமாடும் சாலையில் இருந்தது. திருமணம், குழந்தை பிறப்பு எனக் குடும்பத்து நல்ல நாள்களில் மக்கள் புகைப்படக்காரரை நாடி வருவது எந்நாட்டிற்கும் பொது. முகம் தெரிந்தவர், முகவரி தெரிந்தவர், அழைத்தால் வருபவர் என்னும் பெயரைப் பெற்றவரிடம் நிறவெறியின் கூர் மழுங்குகிறது. வட்டம் என்பது அத்துணைச் சிறியதாக இருப்பதே அதன் வலிமையாகும்.

முப்பத்திரண்டு ஷில்லிங்

மன்றத்திற்குச் சென்ற ஆர்ச்சர் அங்கே காட்சிப் பொருளாக அமர்ந்திருக்கவில்லை. மன்றத் தொழிலாளர்களுக்கு வாரத்திற்கு 32 ஷில்லிங் குறைந்த அளவு ஊதியமாக வழங்கப்பட வேண்டும் என்று போராடினார். அதில் வெற்றியும் கண்டார். இருபது ஷில்லிங் சேர்ந்தது ஒரு பவுன் என்பதால், இது ஒரு பவுனும் பன்னிரண்டு ஷில்லிங்கும் ஆகும். இத்தொகையின் மதிப்பை அறிய ஓர் ஒப்பீடு கூறுவோம். சீபோம் ரௌன்ட்ரீ என்பவர் யார்க் நகரத்து ஏழ்மையை ஆராய்ந்து 1901இல் வெளியிட்ட நூலில், ஐவர் கொண்ட ஒரு குடும்பம் உடல் நலம் கெடாமல் வெறுமனே உயிர் வாழ்வதற்கு வாரம் 21 ஷில்லிங் 8 பென்ஸ் தேவையெனக் கணக்கிட்டார். அக்கணக்கில் செய்தித்தாளுக்கோ, ஊர்ப்பயணத்திற்கோ, பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளுக்கோ ஒரு காசும் இல்லை. ஆர்ச்சர் கேட்ட ஊதியம், உழைப்பவன் உயிர் வாழ்வதற்கு மட்டுமன்றி மனிதனாக வாழ்வதற்கும் உரியது.

தெருவைக் கூட்டுவோரும் குப்பை அள்ளுவோரும் சாலை போடுவோரும் மன்றத்தின் ஊழியர்களே. அவர்களுக்கு உரிய கூலி வழங்கும் அதிகாரம் நாடாளுமன்றத்தின் கையில் இல்லை. வட்டத்திலிருந்து சென்ற உறுப்பினர்களின் கையில் இருந்தது. தூய்மைப் பணியாளரின் குடும்பத்தில் பிறந்து இம்மலரைப் படிக்கும் மாணவர் பலர் உண்டு. ஒரு நகர மன்றத் தீர்மானம் ஒரு வீட்டு அடுப்பை எவ்வாறு எரிய வைக்கும் என்பதை அவர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

நன்மை செய்தவர் என்றும் தோற்பதில்லை என்று எழுதினால் அது கதையாகும், வரலாறு ஆகாது. 1909ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆர்ச்சர் தம் இடத்தை இழந்தார். அதனால் மனமுடைந்து ஊரை விட்டுப் போகவுமில்லை. வாக்காளரை நன்றி கெட்டவர் என்று தூற்றவுமில்லை. அதே தெருக்களில் நடந்து, அதே மக்களிடையே பணி செய்து, 1912ஆம் ஆண்டில் மீண்டும் நின்று மன்றத்திற்குத் திரும்பினார். தோற்ற மூன்றாண்டுகளே ஒரு தொண்டனின் தரத்தை அளக்கும் கோலாகும்.

ஒரு வாக்கு

1913ஆம் ஆண்டில் பேட்டர்சீ மன்றத்தின் முற்போக்கு அணியினர் ஆர்ச்சரை மேயர் பதவிக்கு முன்மொழிந்தனர். அந்நாளில் அப்பதவி மாலை மரியாதைக்கு மட்டும் உரியதன்று. கட்சிகளின் வலிமை மோதும் அரசியல் பதவியாக இருந்தது. செய்தி பரவியதும் இதழ்கள் சில அவருடைய பிறப்பை ஆராயத் தொடங்கின. அவர் பிரிட்டிஷ் குடிமகனே அல்லர் என்று ஐயம் கிளப்பப்பட்டது. வெளிநாட்டார் என்றும், எந்தெந்த நாட்டிலோ பிறந்தவர் என்றும் எழுதினர். பெயரில்லா வசைக் கடிதங்களும் வந்தன.

நவம்பர் 10ஆம் நாள் மன்றம் கூடியது. வாக்குகள் எண்ணப்பட்டன. ஆர்ச்சர் வென்றார். எத்தனை வாக்குகள் கூடுதல்? ஒன்றே ஒன்று. அந்த ஒரு வாக்கினால் இலண்டன் மாநகரப் பிரிவு ஒன்றின் முதல் கறுப்பின மேயர் என்னும் இடம் வரலாற்றில் அவருக்கு வாய்த்தது. இங்கிலாந்து முழுவதற்கும் அவரே முதல்வர் என்று சிலர் எழுதுவதுண்டு, அது பிழை. பகாமாத் தீவுகளில் பிறந்த ஆலன் மின்ஸ் என்னும் மருத்துவர் 1904ஆம் ஆண்டிலேயே தெட்ஃபோர்டு என்னும் சிற்றூரில் மேயரானார். உண்மையைக் குறைவின்றிக் கூறுவதால் ஆர்ச்சரின் புகழ் குறைந்துவிடாது.

மேயராகிப் பேசிய உரையில் அவர் தம் நிறத்தை மறைக்க முயலவில்லை. அந்நாள் வரலாற்றில் எழுதப்படும் என்றும், கறுப்பின மக்கள் வாழும் நாடுகளிலெல்லாம் இச்செய்தி நம்பிக்கை ஊட்டும் என்றும் கூறினார். பிறப்பிடம் குறித்து இதழ்கள் எழுப்பிய ஐயத்திற்கு, தாம் லிவர்பூல் என்னும் ஒரு சிற்றூரில் பிறந்ததாக நகைச்சுவையோடு விடையளித்தார். இழிவு பேசுவோரிடம் குரலை உயர்த்தாமல் நிமிர்ந்து நிற்பது எவ்வாறு என்பதற்கு அவ்வுரை ஒரு பாடம். அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், டுபோய்ஸ் ஆசிரியராக விளங்கிய கறுப்பின மக்களின் இதழிலும் அவ்வெற்றி பெருமையுடன் வெளியிடப்பட்டது.

அன்று மன்றத்து உறுப்பினர் ஒருவர் உடல்நலமின்றி வராதிருந்தாலோ, நிறத்தைக் கண்டு மனம் மாறியிருந்தாலோ என்ன ஆகியிருக்கும்? அதற்கும் முன்னதாக, 1912இல் ஏதேனும் ஒரு வட்டத்தில் சில வாக்காளர்கள் மழைக்கு அஞ்சி வீட்டில் இருந்திருந்தால் அந்த ஒரு வாக்கு மன்றத்திற்கு வந்தே சேர்ந்திராது. பெரிய வரலாறு சிறிய வாக்குகளின் மேல் நிற்கிறது. இவ்வுண்மையைக் கட்டுரையின் இறுதியில் நம் சொந்த நிகழ்ச்சியோடு மீண்டும் எண்ணிப் பார்ப்போம்.

தம் இனத்தாரை மறவாமை

1914ஆம் ஆண்டு நவம்பர்வரை ஆர்ச்சர் மேயராக இருந்தார். அவர் பதவிக் காலத்திலேயே முதல் உலகப் போர் மூண்டது. போர் முடிந்த 1918ஆம் ஆண்டில், இலண்டனில் வாழ்ந்த கறுப்பின மக்கள் ஆப்பிரிக்க முன்னேற்றச் சங்கத்தை நிறுவியபோது அதன் முதல் தலைவராக ஆர்ச்சரையே தேர்ந்தனர். 1919இல் பாரிசில் கூடிய அனைத்து ஆப்பிரிக்க மாநாட்டிலும் அவர் கலந்துகொண்டார்.

அதே 1919ஆம் ஆண்டில் அவர் பிறந்த லிவர்பூலில் நிறக் கலவரம் மூண்டது. போரில் பேரரசுக்காகக் கப்பல்களில் உழைத்த கறுப்பின மாலுமிகளை, வேலையில்லாக் காலத்தில் வெள்ளையர் கூட்டங்கள் துரத்தித் தாக்கின. சார்லஸ் வூட்டன் என்னும் கறுப்பின இளைஞர் துரத்தப்பட்டுத் துறைமுக நீரில் உயிரிழந்தார். ஆர்ச்சர் தூதுக் குழுவொன்றுடன் லிவர்பூலுக்குச் சென்று நகர ஆட்சியாளரிடம் முறையிட்டார். மேயர் பதவியை வகித்து இறங்கியவர், தமக்குக் கிடைத்த மதிப்பைத் தம் வீட்டுச் சுவரில் படமாக மாட்டி வைக்கவில்லை. அடிபட்டவர்களுக்காக அதனைப் பயன்படுத்தினார்.

தேர்தல் முகவர்

1919ஆம் ஆண்டில் ஆர்ச்சர் தொழிற்கட்சியின் சார்பில் மீண்டும் பேட்டர்சீ மன்ற உறுப்பினரானார். அதற்கு முந்திய ஆண்டின் சட்டம், 21 வயது நிறைந்த ஆண்கள் அனைவர்க்கும், 30 வயது கடந்த பெண்களுள் பெரும்பாலோர்க்கும் நாடாளுமன்ற வாக்குரிமை வழங்கியிருந்தது. ஏழைகளின் கையில் புதிய கருவி வந்து சேர்ந்த காலம் அது.

1922ஆம் ஆண்டில் ஆர்ச்சர் செய்த செயல் நம் நாட்டோடும் தொடர்புடையது. பம்பாயில் பிறந்தவரும், டாட்டா குடும்பத்தின் உறவினரும், செல்வ வாழ்வை விடுத்துப் பொதுவுடைமை இயக்கத்தில் சேர்ந்தவருமான ஷாபுர்ஜி சக்லத்வாலா, வடக்கு பேட்டர்சீ தொகுதியில் நாடாளுமன்றத்திற்கு நின்றார். ஆர்ச்சர் தம் மன்ற இடத்தை விட்டுக் கொடுத்து, சக்லத்வாலாவின் தேர்தல் முகவர் பொறுப்பை ஏற்றார். சக்லத்வாலா வென்றார். 1923இல் தோற்று, 1924இல் மீண்டும் வென்றார். பார்படோஸ் தீவினரின் மகன் பாடுபட, பம்பாய்க்காரர் ஒருவர் இலண்டன் தொழிலாளரின் வாக்குகளால் நாடாளுமன்றம் சென்றார் என்பது எத்துணை அரிய காட்சி!

தேர்தல் முகவர் என்றால் மேடையில் மாலை போடுபவர் அல்லர். 1883ஆம் ஆண்டின் ஊழல் தடைச் சட்டம், நாடாளுமன்ற வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் முகவர் ஒருவர் இருக்க வேண்டும் என்றும், செலவுக்கு உச்சவரம்பு உண்டு என்றும், செலவுக் கணக்குகள் முகவரின் பொறுப்பில் அமைய வேண்டும் என்றும் வகுத்தது. அதற்கு முன்னர் இங்கிலாந்திலும் வாக்குகள் மதுவுக்கும் காசுக்கும் விலை போயின. ஆகவே முகவருக்குச் சட்டமும் கணக்கும் தெருவாரியாக வாக்காளர் பட்டியலும் தெரிந்திருக்க வேண்டும். யார் புதிதாகக் குடிவந்தார், யார் பெயர் விடுபட்டது, யாரை வாக்குச்சாவடிக்கு அழைத்து வர வேண்டும் என்பதெல்லாம் அப்பணியைச் சார்ந்தவை. கைதட்டல் கிடைக்காத இவ்வேலையை ஒரு முன்னாள் மேயர் விரும்பி ஏற்றார்.

பின்னாளில் தொழிற்கட்சிக்கும் பொதுவுடைமைக் கட்சிக்கும் பிளவு நேர்ந்தபோது, ஆர்ச்சர் தொழிற்கட்சியின் பக்கம் நின்றார். 1929ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் தொழிற்கட்சி வேட்பாளரின் முகவராகப் பணியாற்ற, சக்லத்வாலா தோற்றார். முன்னர் யாரை வெல்ல வைத்தாரோ அவரையே எதிர்த்து உழைக்க நேர்ந்தது. இதனைக் குறையாகக் கருதுவோரும் உண்டு. கொள்கை உறுதியாகக் கருதுவோரும் உண்டு. எப்பக்கம் நின்றபோதும் அவர் வாக்காளர் பட்டியலைக் கையில் ஏந்தித் தெருவில் நடந்தே வேலை செய்தார் என்பதை மட்டும் இருசாராரும் மறுக்க இயலாது.

மறைவும் நினைவும்

வறியோர்க்கு உதவி வழங்கும் குழுவிலும், பேட்டர்சீ தொழிற்கல்லூரியின் ஆளுநர் குழுவிலும் அவர் நெடுநாள் தொண்டாற்றினார். 1931ஆம் ஆண்டில் நைன் எல்ம்ஸ் வட்டத்திலிருந்து மீண்டும் மன்ற உறுப்பினரானார். முதன்முதலில் 43 வயதில் வட்டத் தேர்தலில் வென்றவர், 68 வயதிலும் வட்டத் தேர்தலில் நிற்பதைத் தாழ்வாக எண்ணவில்லை. மன்றத்தில் தம் கட்சியின் துணைத் தலைவராக விளங்கிய நிலையிலேயே, 1932ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 14ஆம் நாள் இயற்கை எய்தினார்.

நீண்ட காலம் அவர் பெயர் மறைந்திருந்தது. பின்னர் வரலாற்றாசிரியர்கள் அதனை மீட்டனர். 2013ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அஞ்சல் துறை அவர் உருவம் தாங்கிய தபால் தலையை வெளியிட்டது. அதே ஆண்டில் பிரின்மேர் சாலையில் அவர் வாழ்ந்த 55ஆம் எண் வீட்டில் நினைவுப் பலகை பொருத்தப்பட்டது.

நமக்குரிய பாடம்

நம் நாட்டில் 1993ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம், நகர்ப்புற உள்ளாட்சிகளில் பட்டியல் இனத்தார்க்கு மக்கள்தொகை விகிதப்படி இடங்களை ஒதுக்கியது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்களை உறுதி செய்தது. தமிழ்நாட்டில் 2016இல் பெண்களுக்குரிய பங்கு பாதியாக உயர்ந்தது. 1945இல் சென்னை மாநகராட்சியின் மேயர் நாற்காலியில் நம் பெரியார் ந. சிவராஜ் அமர்ந்தார். 2022இல் பட்டியல் இனத்தைச் சேர்ந்த ஆர். பிரியா அதே மாநகராட்சியின் மேயரானார்; நம் இனத்துப் பெண் ஒருவர் அப்பதவியை அடைந்தது அதுவே முதன்முறை. ஆர்ச்சருக்குக் கிடைக்காத சட்டப் பாதுகாப்பு நமக்கு உண்டு. அதனைக் காப்பதும் பயன்படுத்துவதும் நம் கடமை. ஆனால் ஒதுக்கிய வட்டத்தில் மட்டுமே நமக்கு இடம் என்று நாமே கோடு கிழித்துக்கொள்ளுதல் பெருங்கேடு.

இனி நம் சொந்தப் பிழையொன்றை எழுதுகிறோம். தலைமையாசிரியர் தம் தவற்றை மலரில் எழுதலாமா என்று நண்பர் சிலர் தடுத்தனர். எழுதாவிட்டால் மேலே எழுதிய அனைத்தும் வெறும் உபதேசமாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த உள்ளாட்சித் தேர்தலில், நாம் குடியிருக்கும் வட்டத்தில், நம் கழகத்தின் இரவுப் பள்ளியில் படித்து உயர்ந்த இளைஞர் ஒருவர் போட்டியிட்டார். அது ஒதுக்கப்பட்ட வட்டமன்று, பொது வட்டம். மழைக்காலத்தில் வீடுகளுக்குள் நீர் புகுந்தபோது சாதி பாராமல் எல்லாத் தெருவுக்கும் ஓடியவர் அவர். நமக்கு வேறொரு பகுதியில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் பணி. நம் துணைவியாரும் ஆசிரியை ஆதலின் அவருக்கும் மற்றொரு சாவடியில் பணி. தேர்தல் பணியில் உள்ளோர் அஞ்சல் வாக்களிக்கலாம். உரிய காலத்தில் படிவம் நிரப்பித் தர வேண்டும், அவ்வளவே. நாளை, நாளை என்று தள்ளி நாங்கள் இருவரும் அதனைச் செய்யாமல் விட்டோம். நம் மூத்த மகனுக்குப் பதினெட்டு வயது நிறைந்து ஓராண்டு கழிந்தும் பட்டியலில் பெயர் சேர்க்கவில்லை. வகுப்பறையில் குடிமையியல் நடத்திய நாமே அதனைக் கேட்கவில்லை.

எண்ணிக்கை முடிந்தது. அவ்விளைஞர் இரண்டே வாக்கில் தோற்றார். எங்கள் வீட்டில் மட்டும் மூன்று வாக்குகள்.

அன்றிரவு அவரைத் தேற்றச் சென்றோம். வாசலில் நம்மைக் கண்டதும் எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நாம் வாக்களித்ததற்கு நன்றி கூறினார். நாம் மறுத்துச் சொல்லும் துணிவின்றி அமர்ந்திருந்தோம். அவர் தந்த தேநீர் தொண்டையில் இறங்கவில்லை. பல நாள் கழித்துச் சென்று உண்மையைச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் அடுத்த தேர்தலுக்குப் பெயர் சேர்க்கும் வேலையில் உதவுமாறு நம்மைக் கேட்டார். அன்று முதல் ஆண்டுதோறும், பள்ளியை விட்டுச் செல்லும் மாணவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, பதினெட்டு நிறைந்தவர் வீடுகளுக்கு நாமே படிவத்துடன் நடக்கிறோம்.

பேட்டர்சீயில் ஒரு வாக்கு ஒருவரை மேயராக்கியது. நம் தெருவில் இரண்டு வாக்குகள் ஒருவரை வீட்டுக்கு அனுப்பின. இவ்விரு கணக்குகளையும் நம் இளைஞர்கள் ஒருங்கே நினைவில் கொள்ள வேண்டும். நம் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக எழுத்தறிவைத் தந்தது. அவ்வெழுத்தில் முதலில் படிக்க வேண்டிய ஏடு நம் வட்டத்தின் வாக்காளர் பட்டியல். அதில் தத்தம் பெயரும் தாய் தந்தையர் பெயரும் உள்ளனவா என்று பாருங்கள். வாக்கை விலைக்கு விற்காதீர்கள், வீணாக்கவும் செய்யாதீர்கள். தகுதியுடையோர் துணிந்து நில்லுங்கள். நிற்க இயலாதோர் ஆர்ச்சரைப் போல் முகவராக நின்று உழையுங்கள். பொன்விழா மலரை எழுதுவோர், இவ்வட்டங்களிலிருந்து எழுந்த ஒருவரின் வரலாற்றை எழுதும் பேறு பெறுக என வாழ்த்தி அமைகிறோம்.